அப்பாவை வீல்சேரில் தஞ்சாவூர் கூட்டிப்போகலாமா?

கேள்வி: வணக்கங்க சார். நாங்கள் பெருந்துறைப் பக்கம். அப்பாவுக்கு 66 வயது, தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்துக்கு முன்னால் பைக் விபத்தில் தண்டுவடத்தில் அடிபட்டு, மார்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போய்விட்டது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுச் சிறுநீர் எடுக்கிறோம். வீட்டை விட்டால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியை விட்டால் வீடு என்றே இருக்கிறார். கொங்கு நாட்டின் ஏழு சிவன் கோயில்களான கொங்கேழு தலங்களையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் வகுப்பில் அவ்வளவு ஆசையாகச் சொல்லிக்கொடுத்தவர். தஞ்சாவூர், கும்பகோணம், மதுரை என்று நாலு நாளில் 11 கோயில் காட்டும் ஒரு டூர் இருக்கிறது. வீல்சேர் வசதி உண்டு என்கிறார் ஏஜென்ட். அண்ணன்கள், "நாலு பேர் இருக்கோம், படி வந்தாத் தூக்கிக்கலாம்" என்கிறார்கள். அப்பாவோ, "நான் எதுக்கு, உங்களுக்குப் பாரம்" என்கிறார். போகலாமா? எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில்:

அன்புள்ள அம்மிணி,

போகலாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு இயன்முறை சிகிச்சை செய்வது என் தொழில். சிகிச்சை முடிந்து நல்லபடியாக வீட்டுக்குப் போனவர்கள், அப்புறம் அந்த ஒரே அறையில் டிவியைப் பார்த்தபடி வருடக்கணக்காக இருந்துவிடுவதைப் பார்த்து மனசு கேட்காமல், கோவையிலிருந்து சின்னச் சின்னப் பயணங்களுக்கு நானே கூட்டிப்போக ஆரம்பித்தேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கப்பா தஞ்சாவூர் போகலாம். ஆனால் நாலு நாளில் 11 கோயில் வேண்டாம். தூக்கிக்கொண்டு போகிற யோசனையும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏஜென்ட் என்ன சொன்னார், அண்ணன்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. அப்பா சொன்னதாக இருப்பது ஒரே வரி, அதுவும் தன்னைப் பாரம் என்று. அவருக்கு எதைப் பார்க்க ஆசை என்று யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அன்பான வீடுகளில்தான் இது அதிகம் நடக்கிறது.

அந்தத் தூக்குகிற விஷயத்தை முதலில் பேசிவிடலாம். நம்ம பக்கத்தில் ஆள் பலத்துக்குக் குறைவில்லை. கல்யாணமோ இழவோ, கூப்பிடாமலே நாலு பேர் கை கொடுக்க வருவார்கள். அதே பாசத்தில்தான் அண்ணன்களும் சொல்கிறார்கள். ஆனால் கால் ஓய்ந்தவருக்குத் தோள்தான் கால். படுக்கையிலிருந்து வீல்சேருக்கும், வீல்சேரிலிருந்து காருக்கும் அவரைக் கொண்டுபோவது அந்தத் தோள்கள். அக்குளில் கை கொடுத்து அவசரமாகத் தூக்கும்போது அந்த மூட்டு இழுத்துக்கொண்டால், இப்போது தானாகச் செய்கிற வேலையும் அவர் கையை விட்டுப் போய்விடும். இறக்கும்போது இடுப்புக்குக் கீழே கல்லில் உரசினால் அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் தோல் வழன்றிருக்கும். வீல்சேரோடு தூக்குகிறவர்கள் கைப்பிடியையும் கால்தாங்கியையும் பிடித்துத் தூக்குவார்கள். அவை கழற்றி மாட்டுகிற பாகங்கள். பாதிப் படியில் கையோடு வந்துவிடும்.

உடம்பு மட்டுமில்லை. பல வருடம் முன்பு ஒருவரை ஒரு கோயிலில் நாங்கள் ஐந்து பேர் பதினெட்டுப் படி தூக்கிப் போனோம். சாமி கும்பிட்டார், இறங்கினார், பத்திரமாகத்தான் கொண்டுவந்தோம். அன்று முழுக்க அவர் பேசவில்லை. ராத்திரி மட்டும், "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்றார். படி ஏறும்போது கூட்டத்தில் எத்தனை பேர் போனில் படம் பிடித்தார்கள் என்று அப்புறம் சொன்னார். தூக்கட்டுமா என்று நான் அவரைக் கேட்கவே இல்லை. அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கு இது விதி: தூக்கினால்தான் பார்க்க முடியும் என்ற இடம் திட்டத்தில் வராது. அவரே கேட்டால், எப்படித் தூக்க வேண்டும் என்று அவரே சொன்னால், அது வேறு.

சரி, சக்கரம் எங்கே போகும்? ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாய்தளம் பாதுகாப்பாக இருக்க, ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேண்டும். கோயில் கோபுர வாசலில் குறுக்கே கிடக்கும் கல்படி ஒன்பது அங்குலம் என்றால் ஒன்பது அடிச் சாய்தளம். காரில் கொண்டுபோகும் மடக்குப் பலகை அதற்குப் பத்தாது. அதனால், "சாய்தளம் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "எந்த வாசலில், எவ்வளவு நீளம்?" என்று கேளுங்கள். செங்குத்தான பலகை எதிரில் வந்தால் இறக்கும்போது வீல்சேரைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் இறங்கும்படி பின்பக்கமாக இறக்க வேண்டும். கல் பாவிய தரையில் முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் இடுக்கில் சிக்கி ஆளை முன்னால் தள்ளிவிடும். அந்த இடங்களில் வீல்சேரைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பெரிய சக்கரத்தில் உருட்டுங்கள். அண்ணன்களின் பலம் இதற்குத்தான் வேண்டும். அவர்கள் பத்து நாள் வாசலில் பழகட்டும்.

மலைக்கோயில் என்றதும் கைவிடவும் வேண்டாம். சென்னிமலை, மருதமலை, திருச்செங்கோடு மூன்றுக்கும் வண்டிப் பாதை உண்டு. ஆனால் வண்டி நிற்கிற இடத்திலிருந்து சன்னதி வரை எத்தனை படி என்று முன்னாலேயே யாராவது போய் எண்ணிவிட்டு வர வேண்டும்.

இன்னொன்று, நான் ரொம்ப நாள் கழித்துக் கற்றுக்கொண்டது. உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு எது நன்றாகத் தெரியும் என்று தேடினால் பயணத்தின் பட்டியலே மாறிவிடும். பவானியில் ஜமுக்காளம் நெய்கிற குழித்தறியை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்பவர் குழிக்குள் காலை விட்டுத் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பார். நின்று பார்க்கிறவர்கள் அவர் உச்சந்தலையைப் பார்த்துவிட்டு இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடுவார்கள். வீல்சேரில் போனவர் தறிக்குப் பக்கத்திலேயே தங்கி, பட்டை பட்டையாக நிறம் ஏறுவதைப் பார்த்தபடி, நூலைத் தொட்டுப் பார்த்து, நெய்பவரோடு முகம் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பார். வீட்டுத் தறி என்றால் வாசப்படி இடிக்கும். கொட்டகையில், வாசலோடு சமமாக இருக்கும் தறியாகப் பார்த்து விசாரித்து வையுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலும் அப்படித்தான். கருவறைக்கு உயரமான படிகள் ஏற வேண்டும், அது உங்கப்பாவுக்கு இந்த முறை இல்லை. நந்தி மண்டபத்தின் எதிரிலிருந்து கும்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வெட்டியிருக்கும் ராஜராஜனின் கல்வெட்டு வரிகளில் பல, உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு நேரே வரும். தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன ராஜா. 1010-ல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோயிலில் ஒரு தமிழாசிரியர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே ஒரு சாயங்காலம் முழுக்கச் சுற்றலாம். 216 அடி விமானத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

ஆனால் தஞ்சாவூரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மூன்று வருடம் வீட்டுக்குள் இருந்த உடம்பு அது. முதல் பயணம் அவிநாசி, காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும். சமதளத்தில் இருக்கும் கோயில். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதையை அந்த ஊரிலேயே வைத்து அப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். வழிகாட்டிக்கு நீங்கள் பணம் கொடுக்கவே வேண்டாம், உங்கள் வீட்டில் இருக்கிறார். கூட வருகிறவராக இல்லாமல் கூட்டிப்போகிறவராக அவர் ஆகும்போது, பாரம் என்கிற பேச்சு குறைவதை நான் பல பேரிடம் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பவானி, ஒரு நாள். கூடுதுறைப் படித்துறையில் இறங்க முயல வேண்டாம். அங்கே அவரைக் கேட்கச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது: கோவையில் கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ 1804-ல் கோயிலுக்குத் தந்தக் கட்டில் கொடுத்தார், உள்ளே வர முடியாத அவர் அம்மனைப் பார்ப்பதற்காகச் சுவரில் போட்டதாகச் சொல்லும் மூன்று துளைகளைக் காட்டுவார்கள். சக்கரம் உள்ளே போகாத இடங்களில் வெளியிலிருந்து பார்க்க ஏதாவது வழி உண்டா என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துளைகள் ஞாபகம் வரும்.

இரண்டும் நன்றாக நடந்தால் மூன்றாவதாகத் தஞ்சை. பெருந்துறையிலிருந்து ஒரே மூச்சில் போனால் நாலரை, ஐந்து மணி நேரம். ஒரே மூச்சில் போகாதீர்கள். ஈரோட்டிலிருந்து காவிரி ஓரமாகவே போகிற பாதையில் கொடுமுடியும் கரூரும் வருகின்றன, இரண்டும் அவர் பாடம் நடத்திய ஏழு தலங்களில் சேர்ந்தவை. கரூரில் ராத்தங்கி, மறுநாள் தஞ்சை, அங்கே இரண்டு ராத்திரி. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடுவில் படுக்கை. கும்பகோணமும் மதுரையும் இன்னொரு வருடம்.

இனி உடம்பு. இதைக் கவனமாகப் படித்து, அண்ணன்களுக்கும் ஓட்டுநருக்கும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மார்புக்குக் கீழே உணர்வு இல்லாதவர்களுக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் எகிறும் ஒரு ஆபத்து உண்டு. சிறுநீர் நிறைந்துபோவது, மலச்சிக்கல், இறுக்கமான உடுப்பு, கால் நகம் குத்துவது என்று கீழே எது நடந்தாலும் அவருக்கு வலி தெரியாது. அதற்குப் பதிலாகத் தலை பிளக்கிற மாதிரி வலிக்கும், முகம் சிவந்து வேர்க்கும். இந்த அறிகுறி வந்தால் படுக்க வைக்கவே கூடாது. பக்கத்தில் இருப்பவர்கள் படுக்க வைக்கத்தான் ஓடி வருவார்கள், தடுத்துவிடுங்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, வேட்டியையும் பெல்ட்டையும் தளர்த்தி, உடனே சிறுநீரை எடுங்கள். சில நிமிடத்தில் தணியாவிட்டால் ஆஸ்பத்திரி. அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கிளம்புவதற்கு முன் இதைப் பற்றிப் பேசி, நோயின் விவரத்தை ஒரு தாளில் எழுதி வாங்கி அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்தது வெயில். காயத்துக்குக் கீழே அவருக்கு வேர்க்காது, அதனால் உடம்பு சூட்டை வெளியே தள்ளாது. மார்கழி, தை, மாசிதான் நமக்கு. காலை ஏழிலிருந்து பத்து, சாயங்காலம் நாலரைக்கு மேல். ஈரத் துண்டும் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலும் மடியிலேயே இருக்கட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு இரும்புக் கால்தாங்கியில் வெறுங்காலை வைத்தபடி வெயிலில் நின்றால் பாதம் வெந்துபோகும், அவருக்குத் தெரியாது. கால்தாங்கியில் தடித்த துணி சுற்றிவிடுங்கள்.

வீல்சேர் மெத்தையை மறக்கவே கூடாது. சில கோயில்களில் வெளி வீல்சேரை விடாமல் அங்கே இருக்கிற வீல்சேரைக் கொடுப்பார்கள். சக்கரத்தை நன்றாகத் துடைத்துக் காட்டினால் விடுகிற இடமும் உண்டு, கேட்டுப் பாருங்கள். அங்கத்திய வீல்சேர்தான் என்றாலும் உட்காரும் மெத்தை அவருடையதாக இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இடுப்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், காரிலும்தான். ராத்திரி தோலைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் மறுநாள் பயணம் கிடையாது, படுக்கைதான். அது பெரிய கோயிலுக்குப் போக வேண்டிய நாளாக இருந்தாலும் சரி.

சிறுநீர் எடுக்கக் கழிப்பறை தேடி அலைய வேண்டாம். மறைவும் சுத்தமான கையும்தான் முக்கியம். கார் கண்ணாடிக்குத் திரை கட்டி உள்ளேயே செய்யலாம், வீட்டில் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். காலைக்கடன் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஏஜென்ட்கள் விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பச் சொல்வார்கள். வீட்டில் அவருக்கு எட்டு மணி ஆகும் என்றால் பயணத்திலும் எட்டு மணிதான்.

ஏஜென்ட்டின் "வசதி உண்டு" என்ற பேச்சை வைத்துக்கொண்டு பணம் கட்டாதீர்கள். ஒரு விடுதியில் எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் குளியலறைக் கதவில் வீல்சேர் நுழையவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள், ஈரத்தரையில் கால் விரிந்து நாற்காலி சரிந்தது. நல்ல வேளை, நான் பக்கத்தில் இருந்தேன். வீல்சேரின் மொத்த அகலத்தை வீட்டிலேயே அளந்து வையுங்கள், பெரும்பாலும் 24 முதல் 26 அங்குலம் வரும். குளியலறைக் கதவை டேப் வைத்து அளக்கும் படத்தை வாட்ஸாப்பில் கேளுங்கள். கதவோரத்தில் திட்டு உண்டா, கட்டில் உயரம் வீல்சேர் இருக்கைக்குச் சமமாக வருமா, வீல்சேரைத் திருப்ப ஐந்து அடிக்கு ஐந்து அடி இடம் இருக்கா என்றும் கேளுங்கள். படம் அனுப்பத் தயங்குகிறவரை விட்டுவிடுங்கள். காரைப் பொறுத்தவரை பெரிய வண்டிதான் வசதி என்று நினைப்போம்; வீல்சேருக்கும் கார் இருக்கைக்கும் நடுவில் பலகை வைத்து நகர்ந்து ஏறுபவருக்கு இன்னோவாவைவிட இருக்கை தாழ்ந்த சாதாரணக் கார் சுலபம்.

ரயில் இந்த முறை வேண்டாம் என்பேன். கோவை – மயிலாடுதுறை ஜனசதாப்தி ஈரோடு, கரூர், திருச்சி வழியாகத் தஞ்சைக்கே போகிறது. ஆனால் நடைமேடையிலிருந்து பெட்டிக்குள் ஏற்றுவது மறுபடி தூக்கும் கதைதான். நீண்ட பயணங்களுக்காக ரயில்வே சலுகை அட்டைக்கு மட்டும் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். துணையில்லாமல் போக முடியாதவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம் கழிவு கிடைக்கும்.

கோயிலுக்கு முதல் நாளே போன் செய்து, வீல்சேரில் ஒருவர் வருகிறார், எந்த வாசல் என்று கேளுங்கள். கெஞ்ச வேண்டாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது, கேட்பது அவர் உரிமை.

கடைசியாக, சொல்லக் கஷ்டமான ஒன்று. கோயில் வாசலில் வீல்சேரில் தனியாக இருப்பவர் கையில் ஜனங்கள் காசு வைத்துவிடுவார்கள். கெட்ட எண்ணம் கிடையாது, புண்ணியம் என்று நினைக்கிறார்கள். முப்பது வருடம் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்ன மனிதர் கையில் அது விழுந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காரை நிறுத்தப் போகிறேன், செருப்பு விடப் போகிறேன் என்று அவரை வாசலில் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். "எப்படி ஆச்சு? எத்தனை வருஷம்?" என்று அவரிடம் கேட்காமல் உங்களிடம் கேட்பவர்களும் வருவார்கள். "அப்பாவையே கேளுங்க" என்று நகர்ந்துகொள்ளுங்கள். பதில் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவர் இஷ்டம். இப்படியெல்லாம் நடக்கலாம் என்று வீட்டிலேயே அவரிடம் பேசிவிடுங்கள். அவர் பயப்படுவது படிகளுக்கு இல்லை, இதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

டாக்டரிடம் போய்வந்ததும் எனக்கு எழுதுங்கள். அண்ணன்களை ஒரு நாள் அனுப்பினால் வீல்சேரைப் படியில் கையாளும் முறையை நேரிலேயே காட்டித்தருகிறேன். ஆனால் எந்தெந்த இடங்கள், எந்த வரிசையில் என்கிற பட்டியலை மட்டும் அப்பா கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன அவிநாசியையும் பவானியையும் அவர் அடித்துவிட்டு வேறு ஊர் எழுதினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.